பதில் ஆள் இல்லாமல்

நான் கணக்கில் தோற்றவன். அவர் இலக்கணத்தில் தோற்றவர். சின்னக்கானல் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நாங்கள் சந்தித்தபோது, ஒருவர் மெட்ரிகுலேஷனில் தோற்றதை மற்றவர் தெரிந்துகொள்ள ஒரு சாயங்காலம் போதுமாயிருந்தது. மலையில் வேறு பேச்சு என்ன இருக்கிறது? மழை, அட்டை, காய்ச்சல், துரையின் கோபம். இவற்றைப் பேசித் தீர்த்தபின் மிஞ்சுவது அவரவர் தோல்விதான்.

எங்கள் குடும்பம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே நிலம் வைத்துப் பிழைத்தது. அண்ணன்மார் காட்டைப் பார்த்துக்கொள்ள, கடைசிப் பிள்ளையான என்னைப் பாலக்காட்டில் தங்கிப் படிக்க வைத்தார்கள். மற்ற தாள்களில் நல்ல மார்க்கு, கணக்கில் விழுந்தேன். "காட்டு வேலைக்கும் ஆகாம, கச்சேரி உத்தியோகத்துக்கும் ஆகாம நிக்கறயே" என்று அப்பா ஒரே ஒரு முறைதான் சொன்னார். அதற்கப்புறம் அவர் என்னோடு பேச்சையே குறைத்துக்கொண்டார். மலைக்குப் பாரவண்டி அடித்துக்கொண்டிருந்த உறவுக்காரர் ஒருவர் சொல்லி, தோட்டத்து ஆபீஸில் ரைட்டருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். இந்த இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம். தேயிலைச் செடிகள் முழங்கால் உயரம்கூட வரவில்லை. எரித்துப்போட்ட காட்டின் அடிமரங்கள் சரிவெல்லாம் கரிக்கட்டையாக நின்றன.

இலக்கணத்தில் தோற்றவர் அந்தத் தோட்டத்துக் கம்பவுண்டர். தென்காசிக்கு அப்பால் ஏதோ ஒரு ஊர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஒல்லியான உடம்பு, கார்பாலிக் மருந்து வாசனை போகாத கைகள். டாக்டர் தூரத்துப் பெரிய தோட்டத்தில் இருந்தார். மாதத்துக்கு ஒரு தடவை குதிரையில் வந்து போவார். மற்ற நாளெல்லாம் கூலிகள் குடியிருந்த லயத்து ஜனங்களுக்கு இவர்தான் டாக்டர். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அவர் மூன்று முறை பரீட்சை எழுதித் தோற்றிருந்தார். மூன்று முறையும் இங்கிலீஷ். நாலாவது முறையும் எழுதியே தீரவேண்டும் என்று ஏன் கிடந்து அலைகிறார் என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்துச் சீசாக்களைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"எம் பொஞ்சாதி அவ அப்பன் வீட்ல இருக்கா, தம்பி. ஒரு பொம்பளப்பிள்ளையும் இருக்கு. அத நான் ரெண்டு மட்டம் பாத்திருக்கேன்."

"ஏனுங்க அண்ணாச்சி, இங்க கூட்டியாந்துடலாமுங்களே?"

"மாமனாரு விடமாட்டாரு. அவருக்கு மூத்த மக ஒருத்தி இருந்தா. கல்யாணம் பண்ணி இந்த மலைக்குத்தான் அனுப்பி வச்சாரு. காய்ச்சல்ல போயிட்டா. இன்னொரு மகளையும் மலைக்குத் தரமாட்டேங்காரு. மெட்ரிக் பாஸ் பண்ணி, கீழ தாலுகா கச்சேரியில ஒரு உத்தியோகம் பாத்துக்கிட்டு வாரும், அன்னைக்கே அனுப்பிவைக்கேன்னு சொல்லிட்டாரு. அவரு சொல்லுததுல தப்பு என்ன இருக்கு?"

அவர் மாமனாரைக் குறை சொன்னதில்லை. காய்ச்சலில் சாகிறவர்களைத் தினமும் பார்ப்பவர் எப்படிக் குறை சொல்வார்?

அன்றிலிருந்து அவருக்கு நான் இலக்கணமும், எனக்கு அவர் கணக்கும் என்று ஏற்பாடாயிற்று. கூலியாட்களை வரிசையில் நிறுத்தும் சாயங்காலப் பெரட்டு முடிந்து, ஆள்கணக்கு எடுத்து, காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுத்து அனுப்பியபின் டிஸ்பென்சரி மேஜையில் உட்காருவோம். அட்டை கழன்ற ஓர் இலக்கணப் புத்தகம்தான் இருவருக்கும். பெயர், வினை, காலம் எல்லாம் அவருக்குத் தெரிந்தே இருந்தது. அவர் முட்டிக்கொண்டு நின்ற இடம் ஃபிரேஸ் என்கிற சொற்றொடர்ப் பாடம். வாக்கியத்தில் ஒரு சொற்றொடரைக் காட்டி, அது எதைத் தழுவி நிற்கிறது, பெயரையா வினையையா, அட்ஜெக்டிவ் ஃபிரேஸா அட்வெர்ப் ஃபிரேஸா என்று கேட்பார்கள். மூன்று பரீட்சையிலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றை எழுதிவிட்டு வந்திருந்தார்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தபடியே சொல்லிக்கொடுத்தேன். "எந்த ஆள், எப்பேர்ப்பட்ட ஆள் அப்படின்னு கேட்டா பதில் வருதுங்களா? அப்பப் பேரோட சேந்தது. எங்க, எப்ப, எப்படின்னு கேட்டா பதில் வருதுங்களா? அப்ப வினையோட சேந்தது. அவ்வளவுதானுங்க."

அவர் தலையாட்டினார். பயிற்சியில் முதல் வாக்கியத்தை எடுத்தார். 'தோட்டத்தில் மனிதனைப் பார்த்தேன்' என்பதற்கான இங்கிலீஷ் வாக்கியம். 'இன் தி கார்டன்' என்ற மூன்று சொல்லும் கடைசியில் நின்றன. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தோட்டத்துல இருக்க மனுஷனப் பாத்தேனா, மனுஷனத் தோட்டத்துல வச்சுப் பாத்தேனா?"

"புஸ்தகத்துல வினையோட சேந்ததுன்னு போட்டிருக்குதுங்க."

"அது எனக்கும் தெரியுது. புஸ்தகம் எழுதினவனுக்கு அது எப்படித் தெரிஞ்சுது? எந்த மனுஷன்னு கேட்டாலும் இதுதான பதில் வருது?"

அது எனக்கே அதுவரை தோன்றாத சந்தேகம். நான் மனப்பாடமாகப் படித்தவன். அவர் புரிந்துகொள்ளாமல் எதையும் எழுத முடியாதவர். அவர் தோற்றதன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"நம்ம பேச்சுல இந்தத் தொந்தரவே கிடையாது பாரு. தோட்டத்துல இருக்கன்னு சொன்னா அடுத்தாப்புல ஒரு பேரு வரும். தோட்டத்துல வச்சுன்னா வினைதான் வரும். சொல்லு முடியுத விதத்துலயே இன்னாரு வீட்டுதுன்னு தெரிஞ்சுபோகும். இங்கிலீசுக்காரன் எல்லாத்தையும் பின்னால கொண்டுபோய் நிப்பாட்டிட்டு, நீயே கண்டுபிடிங்கான்."

இன்னொரு நாள் வினையடியாகப் பிறக்கும் சொற்றொடர்கள். 'மலையிலிருந்து இறங்கி வருகையில், பங்களா தெரிந்தது' என்று இங்கிலீஷில் ஒரு பிழை வாக்கியம் கொடுத்து, பிழையைத் திருத்தச் சொல்லியிருந்தார்கள். இதில் என்ன பிழை என்றார். "இப்படி எழுதுனா பங்களாவே எறங்கி வருதுன்னு ஆயிடுமுங்க. வாரவன் யாருன்னு வாக்கியத்துலயே இல்லீங்களே" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த சந்தர்ப்பங்கள் குறைவு. "அந்தப் பங்களா ஒரு நாள் எறங்கித்தான் வரும் தம்பி, மழை இப்படியே பெஞ்சா" என்றார்.

ஆனால் சிரிப்பு அந்த ஒருநாளோடு சரி. மாதங்கள் போயின. ஒரு வாரம் சரியாகச் சொல்வார். அடுத்த வாரம் எல்லாம் மாறிப்போகும். புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தகரக் கூரையில் மழை கொட்டும். நான் புத்தகத்தை எடுத்து அலமாரியில் வைப்பேன்.

அவருக்குப் பாடம் விளங்கியது ஒரு காய்ச்சல்காரியால்தான். கீழ் லயத்திலிருந்து ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். மருந்து கொடுத்து அனுப்பிவிட்டு, வழக்கம்போல டாக்டருக்காக இங்கிலீஷில் ஒரு வரி எழுதினார்: காய்ச்சலுள்ள பெண்ணுக்குக் கொயினாவினால் சிகிச்சை. எழுதிய பேனாவை வைக்காமல் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்க வா. 'வித் ஃபீவர்', 'வித் குவினைன்'. ரெண்டும் 'வித்'துதான். காய்ச்சல் அந்தப் பொம்பளையோட ஒட்டிக்கிட்டு வந்தது. கொயினா நான் செஞ்ச வைத்தியத்தோட சேந்தது. எந்தப் பொம்பளை? காய்ச்சல்காரி. எப்படி வைத்தியம்? கொயினா குடுத்து. முதலாவது பேரு, ரெண்டாவது வினை. சரிதானா?"

"சரிதானுங்க அண்ணாச்சி."

"இத்தனை வருஷமா தினம் தினம் நானே எழுதியிருக்கேன்" என்றார். சந்தோஷமாகச் சொல்லவில்லை. இழந்துபோன ஏதோ ஒன்றைச் சொல்வது போலச் சொன்னார்.

அதற்குப் பின் அவர் தவறவில்லை. கங்காணி நீட்டும் சீட்டு, துரையின் உத்தரவு, மருந்துச் சீசாவில் ஒட்டிய காகிதம் என்று எது கைக்கு வந்தாலும் தொடர் தொடராகப் பிரித்து, எது எதைத் தழுவுகிறது என்று பார்ப்பார். 'தோட்டத்தில் மனிதன்' வாக்கியத்துக்குக்கூட ஒரு சமாதானம் கண்டுபிடித்துவிட்டார்: "முன்னால பின்னால என்ன பேசுதான்னு பாத்தாத்தான் தெரியும். ஒத்த வாக்கியத்தத் தனியாப் புடுங்கிக் குடுத்துட்டுக் கேக்கப்படாது." பரீட்சைக்குப் பணம் கட்டினோம். எனக்கும் கணக்கு பிடிபட்டிருந்தது. அவர் மாமனார் வீட்டுக்கு எழுதினார், இந்தத் தடவை நிச்சயம் என்று.

பரீட்சை மதுரையில். மார்கழி நெருங்கும் சமயம். அந்த வருஷம் ஐப்பசி மழை ஓயவே இல்லை. கார்த்திகையில் காய்ச்சல் லயம் லயமாகப் பரவிற்று. பெரட்டுக் களத்தில் பாதி ஆள்கூட இல்லை. எனக்கு லீவு கிடைத்துவிட்டது. ஆபீஸில் நான் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். அவர் தன் விண்ணப்பத்தை இங்கிலீஷில் தானே எழுதினார். என்னைத் திருத்தச் சொன்னார். திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் விண்ணப்பத்தின் அடியிலேயே துரையின் கையெழுத்தில் ஒரு வரி திரும்பி வந்தது. காய்ச்சல் காலத்தில், பதில் ஆள் இல்லாமல், லீவு கிடையாது. படித்ததும் நான் அதை மடித்துவைக்கப் போனேன். அவரோ காகிதத்தை மேஜையில் விரித்துவைத்துப் பாடம் படிப்பது போலப் படித்தார்.

"'டியூரிங் தி ஃபீவர்.' இது ஒண்ணு. 'விதவுட் எ சப்ஸ்டிட்யூட்.' இது ஒண்ணு. குடுக்கவே கூடாதுன்னா முதலாவதோட நிறுத்தியிருப்பாரு. ரெண்டாவது என்னத்துக்கு? பதில் ஆள் இல்லாம லீவு இல்ல. அப்ப பதில் ஆள் இருந்தா?"

"உண்டுங்க" என்றேன்.

"உண்டு" என்றார் அவரும். அந்தச் சொற்றொடரை ஒரு விரலால் மெதுவாகத் தடவினார்.

முகட்டுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மலையாளத்துக் கம்பவுண்டர் இருந்தார். அங்கே காய்ச்சல் அத்தனை கடுமை இல்லை. அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை மழையில் நனைந்துகொண்டு போய்ப் பார்த்தார். நானும் கூடப் போயிருந்தேன். நல்ல மனுஷன். காப்பி கொடுத்து, முழுக்கக் கேட்டுவிட்டு, "நிங்கள் போய் எழுதிட்டு வரணும். இங்கே என் துரையோட நான் பறஞ்சுகொள்ளாம். புதனாழ்ச்ச காலத்தே நான் அங்கே உண்டாவும்" என்றார். புதன்கிழமை காலையில் அவர் வந்து பார்த்துக்கொள்வதற்கு எங்கள் துரையும் ஒப்புக்கொண்டார்.

புதன்கிழமை விடிவதற்கு முன்பே நான் மூட்டையோடு டிஸ்பென்சரிக்குப் போய்விட்டேன். அண்ணாச்சி குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, கோட்டுப் போட்டிருந்தார். கொயினா எங்கே, கஷாயம் எங்கே, யாருக்கு எது என்று பதில் ஆளுக்காக எழுதி மேஜைமேல் வைத்திருந்தார். வராந்தாவில் கம்பளி போர்த்திக்கொண்டு ஜனங்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். மழை விட்டிருந்தது, ஓடையின் இரைச்சல் மட்டும் கேட்டது.

வெயில் ஏறியது. பதில் ஆள் வரவில்லை. அண்ணாச்சி கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வந்தவர்களுக்கு மருந்து கொடுக்கத் தொடங்கினார். "ஓடையில தண்ணி கெடக்கு. சுத்திக்கிட்டுத்தான் வரணும். வந்துருவாரு" என்றார். கொஞ்சநேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார்.

நடுப்பகலுக்கு முகட்டு வழியாக அந்தத் தோட்டத்து ஆள் ஒருவன் வந்து சேர்ந்தான். இடுப்புவரை சேறு.

"கம்பவுண்டரய்யாவுக்கு நேத்து ராவுலேருந்து குளுருகாச்சலுங்கய்யா. எந்திரிச்சு நிக்க முடியல. நாலு பேரு சேந்து புடிச்சாலும் நடுக்கம் நிக்கல. வர ஏலாதுன்னு சொல்லச் சொன்னாரு. மன்னிச்சுக்கிடச் சொன்னாரு."

அண்ணாச்சி உள்ளே போனார். நான் பின்னாலேயே போனேன். அலமாரியைத் திறந்து கொயினாவை நிறுத்து, பொட்டலம் கட்டி, எப்படிக் கொடுக்கவேண்டும் என்று அந்த ஆளிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ கெளம்பு தம்பி. வெளிச்சத்துலயே போடிமெட்டு எறங்கிரணும்."

"அண்ணாச்சி, துரைகிட்ட நான் போய்ச் சொல்றனுங்க. நடந்தது இன்னதுன்னு சொன்னா..."

"என்னன்னு சொல்லுவ? பதில் ஆள் இருக்காரு, காய்ச்சலோட இருக்காருன்னா?" குரலை உயர்த்தவில்லை. "வெளிய பாரு."

வராந்தாவில் ஒரு தாய் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை அழக்கூட இல்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் பலர். அவர் வெளியே போய் அந்தக் குழந்தையின் நெற்றியில் கையை வைத்தார். நான் மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் கிளம்பியிருக்க முடியாது.

போடி இறங்கி, மாட்டுவண்டியில் மதுரை சேர்ந்து பரீட்சை எழுதினேன். கணக்குத் தாளைப் பற்றி எனக்கு இப்போது ஒன்றும் நினைவில்லை. இங்கிலீஷ் தாள் நினைவிருக்கிறது. சொற்றொடர்களைப் பிரித்து எது எதைத் தழுவுகிறதென்று காட்டச் சொல்லி ஒரு கேள்வி இருந்தது. மண்டபம் முழுக்கப் பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர் குரலிலேயே எனக்குள் படித்துப் படித்துத்தான் எழுதினேன்.

திரும்பி மலையேறியபோது காய்ச்சல் தணிந்திருந்தது. மலையாளத்துக் கம்பவுண்டரும் பிழைத்துவிட்டார். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. அண்ணாச்சி கேள்வித்தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மேஜையில் உட்கார்ந்து பதில் எழுதினார். சாயங்காலம் என்னிடம் நீட்டினார். இலக்கணத்தில் ஒரு பிசகு இல்லை.

"எல்லாம் சரியா இருக்குதுங்க அண்ணாச்சி."

"பாஸ் போட்டிருப்பானா?"

"போட்டிருப்பானுங்க."

அந்தக் காகிதங்களைத் திரும்ப வாங்கி, சதுரம் சதுரமாகக் கத்தரித்து, மருந்துப் பொட்டலம் மடிக்கிற தட்டில் போட்டார். அந்த மாதம் டவுனிலிருந்து காகிதம் வந்து சேரவில்லை.

அடுத்த வருஷம் எழுதலாம் என்று நானும் சொன்னேன், அவரும் சொன்னார். சித்திரையில் லீவு வாங்கி மாமனார் வீட்டுக்குப் போனார். சொன்ன நாளைக்கு முன்பே திரும்பிவிட்டார். என்ன நடந்ததென்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சில நாள் கழித்து, கொயினாவை நிறுத்துக்கொண்டிருக்கும்போது தானாகவே சொன்னார்.

"மாமனாரு இப்ப எளகிட்டாரு தம்பி. வயசாயிட்டுல்லா. பரீட்சைய விடும், கூட்டிட்டுப் போறதுன்னா கூட்டிட்டுப் போங்காரு."

"அப்பக் கூட்டியாந்திருக்கலாமுங்களே."

"அவ வரமாட்டேங்கா." தராசின் முள் நிற்கக் காத்திருந்தார். "கோவத்துல சொல்லுதவளா இருந்தாப் பரவாயில்ல. சாந்தமாத்தான் சொல்லுதா. இத்தனை வருஷம் இப்படியே பழகிட்டு, இனிமே என்னத்துக்கு, பிள்ளைக்கு மலை ஒத்துக்காதுன்னு சொல்லுதா. நீங்க பரீட்சை எழுதிச் செரமப்படவும் வேண்டாம்னு சொல்லுதா. பிள்ளை என்னையப் பாத்து மாமான்னு கூப்பிடுது."

அதற்குப் பின் அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. என் பரீட்சை முடிவு வந்தது; தேறியிருந்தேன். அவர்தான் முதலில் கை கொடுத்தார். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை கிடைத்து மலையை விட்டு இறங்கினேன். அப்பா மறுபடியும் என்னோடு பேச ஆரம்பித்தார்.

வருஷா வருஷம் சொற்றொடர்ப் பாடம் வந்தது. சுண்ணாம்புக் கட்டியால் பலகையில் எழுதி, எந்த ஆள், எப்படி என்று கேட்டுக் கேட்டு நடத்தினேன். பிள்ளைகள் பதில் சொன்னார்கள். என்னிடம் படித்தவர்கள் தேறினார்கள். நல்ல வாத்தியார் என்று பெயர் கிடைத்தது. அந்தப் பாடம் நடத்தும் வாரத்தில் மட்டும் எனக்குச் சோறு இறங்காது. வீட்டில் கேட்டால் வயிறு சரியில்லை என்பேன்.

பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு கோடை விடுமுறையில் மலையேறிப் போய் அவரைப் பார்த்தேன். தேயிலை இடுப்பளவு வளர்ந்து சரிவெல்லாம் பச்சையாயிருந்தது. அவர் அதே டிஸ்பென்சரியில் இருந்தார். தலை வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய்.

மகளைப் பற்றிக் கேட்டேன்.

"கல்யாணம் ஆயிட்டு. கழுகுமலைப் பக்கம் குடுத்திருக்கு. பத்திரிகை போட்டிருந்தாவ. மழையில தபாலு தாமசமாயிட்டு. கைக்கு வரும்போது முகூர்த்தம் கழிஞ்சுபோச்சு."

"ஏனுங்க அண்ணாச்சி, பொறகாவது போய்ப் பாத்திருக்கலாமுங்களே?"

"போய் என்னன்னு சொல்லி நிக்க?" என்றார். என் தட்டில் கஞ்சி தீர்ந்திருப்பதைப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இன்னும் ஓர் அகப்பை ஊற்றினார்.

வெளியே யாரோ இருமினார்கள். அவர் எழுந்து துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். நான் குடிக்க முடியாமல் அந்தக் கஞ்சியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.